புகலிடக் கேஸுக்கு வன்னியிலிருந்து ஆவணம் அனுப்புவது எப்படி: வீட்டாருக்கான வழிகாட்டி

பிள்ளை லண்டனிலோ பாரிஸிலோ சூரிச்சிலோ ரொறன்ரோவிலோ கேஸ் கொடுத்திருக்கிறான். இரவில் போன் வருகிறது: "அம்மா, லோயர் டொக்கியுமென்ற் கேக்கிறார், கெதியா அனுப்புங்கோ." விடிந்ததும் வீட்டார் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் பஸ் ஏறுகிறார்கள். எதை எடுப்பது, யாரிடம் கேட்பது, எதைக் கேட்கவே கூடாது என்று சொல்லித்தர ஆள் இல்லை. தெரிந்தவர் ஒருவர் "காசு தந்தால் எல்லாம் எடுத்துத் தாறன்" என்று முன்னால் வந்து நிற்கிறார். உண்மையான கேஸ் ஒன்று கெட்டுப்போவது அநேகமாக இந்த இடத்தில்தான்.

விசாரிக்கும் அதிகாரி ஆவணத்தில் இரண்டைப் பார்ப்பார். அதிலுள்ள திகதி பிள்ளை சொன்ன திகதியோடு ஒத்துப்போகிறதா? அது எப்படி, யார் கையால், எப்போது கிடைத்தது என்று காட்ட முடியுமா? இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் பழைய துண்டுக் கடதாசிகூடப் பாரமாக நிற்கும். பதில் இல்லையென்றால் சிவப்பு முத்திரை குத்திய பெரிய கடிதமும் உதவாது.

1. கேஸ் எந்தப் படியில் நிற்கிறது என்று கேளுங்கள்

ஓடுவதற்கு முன் பிள்ளையிடம் கேட்டு எழுதி வையுங்கள்: எந்த நாடு, எந்தக் கட்டம், கடைசித் திகதி எது. சட்டத்தரணி கேட்ட பட்டியலை அவர் எழுதிய மின்னஞ்சலாகவே அனுப்பச் சொல்லுங்கள். போனில் காதால் கேட்ட பட்டியல் கைமாறும்போது உருமாறிவிடும்.

நாட்டுக்கு நாடு தவணை மாறும். பிரான்சில், புகலிட விண்ணப்பச் சான்று கையில் கிடைத்து 21 நாட்களுக்குள் ஒப்ராவுக்கான (அங்கே புகலிடக் கேஸைத் தீர்மானிக்கும் அலுவலகம்) படிவம் பிரெஞ்சு மொழியில் போய்ச் சேர வேண்டும். நிராகரித்தால் மேன்முறையீட்டுக்கு 1 மாதம் உண்டு. அரச செலவில் சட்டத்தரணி வேண்டுமென்றால் 15 நாட்களுக்குள் கேட்க வேண்டும். சுவிஸில் துரித நடைமுறையில் மறுப்பு வந்தால் மேன்முறையீட்டுக்கு 7 வேலைநாட்கள், நீடித்த நடைமுறை என்றால் 30 நாட்கள். பிரித்தானியாவில் நாட்டுக்குள் இருந்தபடி மேன்முறையீடு செய்ய 14 நாட்கள். கனடாவில் விசாரணைத் திகதிக்கு 10 நாட்களுக்கு முன்பே ஆவணங்கள் மொழிபெயர்ப்போடு, கேஸை விசாரிக்கும் அகதிகள் சபையின் கையில் இருக்க வேண்டும். நடைமுறைகள் திருத்தப்படுவதுண்டு. பிள்ளைக்கு வந்த கடிதத்தில் அச்சிட்டிருக்கும் தவணையே இறுதியானது.

நீதிமன்றப் பிரதி ஒன்று எடுக்க இங்கே 2, 3 கிழமை போய்விடும். சுவிஸ் தவணை 7 வேலைநாள். ஆகவே ரிஜெக்ட் வந்த பிறகு ஆவணம் தேடத் தொடங்கினால் நேரம் காணாது. கேஸ் கொடுத்த கிழமையிலேயே தொடங்குங்கள். ஏற்கெனவே பிந்திவிட்டதா? சட்டத்தரணி தவணைக்குள் மேன்முறையீட்டைப் போட்டு, ஆவணம் வந்துகொண்டிருக்கிறது என்று எழுதட்டும். நீங்கள் விண்ணப்பித்ததற்கான பற்றுச்சீட்டையாவது அன்றே அனுப்புங்கள். "கேட்டிருக்கிறோம், இன்னும் தரவில்லை" என்பதற்கு அதுதான் சாட்சி.

பிரித்தானியாவில் 2022 ஜூன் 28 இலும் அதன் பின்னரும் கொடுத்த கேஸ்களில், நடந்ததாகச் சொல்லும் விடயங்கள் "நடந்திராது என்பதை விட நடந்திருக்கும் என்பதே கூடுதலாகத் தெரிகிறது" என்ற அளவுக்கு நிறுவப்பட வேண்டும். அதற்கு முந்திய கேஸ்களுக்கு இதைவிடக் குறைந்த அளவு போதுமாக இருந்தது. எனவே இப்போது அங்கே வீட்டிலிருந்து வரும் ஆவணத்தின் தேவை கூடியிருக்கிறது.

2. ஒரு கொப்பியில் திகதி அட்டவணை போடுங்கள்

இதற்கு ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். எந்த அலுவலகத்துக்கும் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

எங்கள் ஆட்கள் திகதியால் நினைவு வைப்பதில்லை. "கிளிநொச்சி விட்டு வெளிக்கிட்டாப் பிறகு", "பொங்கலுக்கு முதல் கிழமை", "தம்பி ஓ.எல். எழுதின வருசம்" என்றுதான் வரும். அதைப் பிள்ளை இன்டர்வியூவில் ஒரு திகதியாக்கிச் சொல்வான், அம்மா சத்தியக்கடதாசியில் வேறொரு திகதியாக்கிச் சொல்வார், பிரதேச செயலகக் கடிதம் மூன்றாவது திகதியைச் சொல்லும். மூவரும் உண்மை பேசியிருந்தும் கடதாசியில் மூன்று கதை ஆகிவிடும்.

எல்லோருக்கும் தெரிந்த நாட்களை முளையாக அடித்துக்கொள்ளுங்கள். போர்நிறுத்த ஒப்பந்தம் 2002 பெப்ரவரி 22. சுனாமி 2004 டிசம்பர் 26. முகமாலையில் ஏ9 பாதை மூடியது 2006 ஓகஸ்ட். கிளிநொச்சி நகரம் விழுந்தது 2009 ஜனவரி 2. முல்லைத்தீவு நகரம் அதே ஜனவரி 25. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது மே 18, 19. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் மூடியது 2012 செப்டெம்பர். வடக்கு மாகாண சபைத் தேர்தல் 2013 செப்டெம்பர் 21. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கந்தசுவாமி கோயிலடியில் தொடர் போராட்டம் தொடங்கியது 2017 பெப்ரவரி 20. இவற்றுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள் என்று கேட்டுக் கேட்டு வீட்டுச் சம்பவங்களை இடையில் செருகுங்கள்.

சரியான நாள் நினைவில் வராவிட்டால் மாதத்தோடு நிறுத்துங்கள். "2008 கடைசிப் பகுதி" என்று எழுதுவதால் யாரும் கேஸைத் தள்ளுவதில்லை. தெரியாமல் "2008 நவம்பர் 14" என்று போட்டுவிட்டு, பின்னால் பாடசாலை விடுகைப் பத்திரம் வேறு சொன்னால் அதுதான் பிரச்சினை.

ஒரு எச்சரிக்கை. பிள்ளை ஏற்கெனவே சொன்ன பிழையான திகதிக்குப் பொருந்தும்படி உங்கள் கணக்கை மாற்றாதீர்கள். பிழை இருந்தால் பிள்ளையின் சட்டத்தரணிக்கு அறிவியுங்கள். அவர் அதை அடுத்த விசாரணைக்கு முன் எழுத்தில் திருத்தலாம். தானாக முன்வந்து திருத்திய பிழைக்கும், அதிகாரி பிடித்த பிழைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

3. ஆளை நிறுவும் கடதாசிகள்

பிறப்புச் சான்றிதழ். பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில்தான் பதிவு இருக்கும், வசிக்கும் இடத்தில் அல்ல. கரைச்சியில் வசித்தாலும் வவுனியா ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பதிவு வவுனியாவில். 2009 இல் மெனிக் பாமில் இருந்தபோது பிறந்த பிள்ளைகளுக்குச் செட்டிகுளம், வவுனியா பக்கமே தேட வேண்டும். போரில் பதிவேடு அழிந்திருந்தால் தேடியும் கிடைக்கவில்லை என்று எழுத்தில் வாங்குங்கள். பிறப்புப் பதிவே இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் கொடுப்பார்கள். அரச கட்டணம் சில நூறு ரூபாயைத் தாண்டாது. அதற்கு மேல் யாராவது கேட்டால் அது உள்ளே ஆள் வைத்திருப்பதாகச் சொல்பவரின் கட்டணம்.

அடையாள அட்டை. பழைய ஐசி இலக்கமே பிறந்த திகதியைச் சொல்லிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. முதல் 2 இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த 3 இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு. 88045 என்று தொடங்கினால் 1988 பெப்ரவரி 14 இல் பிறந்த ஆண். 88545 என்றால் அதே நாளில் பிறந்த பெண். ஏஜென்சி கூட்டிப்போனபோது வயதைக் குறைத்தோ கூட்டியோ சொல்லியிருந்தால் இந்த இலக்கம் அதை வெளியில் கொண்டுவரும். முதலே சட்டத்தரணியிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

பெயர். பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் வீட்டுப் பெயர், தகப்பன் பெயர் சில இடங்களில் முதலெழுத்து மட்டும். இது எங்கள் எல்லா வீட்டிலும் உள்ளது. இத்தனை பெயரும் ஒரே ஆளுக்குரியவை என்று பெற்றவர் ஒரு சத்தியக்கடதாசி முடித்தால் போதும். சான்றிதழில் பேனையால் திருத்தாதீர்கள். பழைய மூலப் பிரதிக்கு பிளாஸ்ரிக் உறை ஒட்டி லெமினேற் பண்ணவும் வேண்டாம், பின்பக்க முத்திரையைச் சோதிக்க முடியாமல் போய்விடும்.

4. எங்கே இருந்தீர்கள் என்பதற்கு

ஜி.எஸ். (கிராம சேவகர்) கடிதம் எல்லோரும் எடுப்பது. அதைப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட வேண்டும். ஆனால் அது இன்றைக்கு எழுதிய கடிதம். பழைய வதிவிடத்துக்கு வேறு சான்றுகள் பலமானவை: அந்தந்த ஆண்டு வாக்காளர் இடாப்பின் பிரதி, பாடசாலை விடுகைப் பத்திரம், மெனிக் பாம் குடும்ப அட்டை, மீள்குடியேற்றப் பதிவு, இந்திய வீட்டுத்திட்டக் கோப்பு. முகாம் அட்டையில் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று எந்தப் பகுதி போட்டிருக்கிறதோ அதையே பிள்ளையும் சொல்லியிருக்கிறானா என்று பாருங்கள்.

பிரதேச செயலகத்தில் இருக்கும் பழைய கோப்பை வாயால் கேட்டு அலையத் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுங்கள். 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, "வெளிநாட்டுக் கேஸுக்கு" என்று எழுதவும் வேண்டாம். பிரதேச செயலகம், கல்வி வலயம், ஆஸ்பத்திரி போன்ற இடங்களுக்கு இது நல்ல வழி. பொலிஸ், புலனாய்வு தொடர்பான கோப்புக்கு வீட்டார் தங்கள் பெயரில் இப்படி விண்ணப்பிக்க வேண்டாம்.

5. பிடிபட்டது, தடுப்பு, புனர்வாழ்வு

கேஸின் நடு இதுதான், பிழை நடப்பதும் இதில்தான் கூட.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் (1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கம்) பிடித்திருந்தால் தடுப்புக் கட்டளை இருந்திருக்கும். அது ஒரு முறைக்கு 3 மாதம் வரை. முன்பு மொத்தம் 18 மாதம் வரை நீட்டலாம், 2022 திருத்தத்துக்குப் பின் 12 மாதம். பிள்ளை சொல்லும் தடுப்புக் காலத்தை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கைது செய்த அன்று வீட்டாரிடம் பற்றுச்சீட்டு ஏதாவது தந்தார்களா? பெட்டியடி, அலுமாரி, சாமி அறை எல்லாம் தேடுங்கள். அன்று கிடைத்த கசங்கிய துண்டு, இன்று வாங்கும் பத்துக் கடிதத்துக்கு மேல்.

இந்தச் சட்டத்தில் ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று ஆணைக்குழுவின் சட்டம் சொல்கிறது. நீங்களும் அப்போது வவுனியா அல்லது யாழ்ப்பாண அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கலாம். முறைப்பாட்டு இலக்கம் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது.

சர்வதேச செஞ்சிலுவைக் குழு தடுப்பில் சந்தித்துப் பதிவு செய்திருந்தால் அதற்கு அத்தாட்சிக் கடிதம் தரும். இதுவும் இலவசம். பிள்ளை தான் இருக்கும் நாட்டின் செஞ்சிலுவைச் சங்கம் ஊடாகவும் கேட்கலாம். பழைய பதிவைத் தேட நேரம் எடுக்கும் என்பதால் முதல் நாளே தொடங்க வேண்டிய வேலை. செஞ்சிலுவை எல்லா இடத்துக்கும் போக அனுமதி இருந்ததில்லை. பதிவு இல்லை என்று பதில் வந்தால் அதனால் பிள்ளை பொய் சொன்னதாக ஆகாது. அதைச் சட்டத்தரணி விளங்கப்படுத்தலாம்.

நீதிமன்றம். கிளிநொச்சியில் பிடித்தவரைக் கிளிநொச்சி நீதவான் முன் நிறுத்தியிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். ரிஐடி (பயங்கரவாத விசாரணைப் பிரிவு) பிடித்த பலரைக் கொழும்பு நீதவான் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள், பூசாத் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். எங்கே நிறுத்தினார்கள் என்று தெரிந்த பிறகே சட்டத்தரணியை அமர்த்துங்கள். அவர் பிரேரணை போட்டு, கட்டணம் கட்டி, பி அறிக்கையினதும் (பொலிஸ் நீதவானுக்குக் கொடுத்த அறிக்கை) வழக்கு நாளேட்டுக் குறிப்பினதும் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுக்க வேண்டும். அவரிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை: நீதிமன்ற முத்திரையுள்ள பிரதி, கட்டணம் கட்டிய பற்றுச்சீட்டு, தன் கடிதத்தாளில் எந்தத் திகதியில் எந்த இலக்கக் கோப்பைத் தானே பார்த்தார் என்று எழுதிய கடிதம், அவருடைய சட்டத்தரணி அடையாள அட்டையின் பிரதி. "இவருக்கு உயிராபத்து உண்டு" என்று சட்டத்தரணி எழுதுவதால் பயன் இல்லை, அது அவர் தீர்மானிக்கும் விடயமல்ல. அவர் கோப்பில் பார்த்ததை மட்டும் எழுதட்டும்.

புனர்வாழ்வுச் சான்றிதழ். 2009 க்குப் பிறகு இயக்கத்தில் இருந்தவர்கள் என்று அரசு புனர்வாழ்வு முகாமில் வைத்திருந்து, அதை முடித்து வெளியில் வந்தவர்களுக்கு விடுதலைத் திகதியோடு சான்றிதழ் கொடுத்தார்கள். தொலைந்துவிட்டால் புதுப்பிரதி கேட்டு வீட்டார் நேரே இராணுவ முகாமுக்கோ இராணுவத்தின் சிவில் அலுவலகத்துக்கோ போகாதீர்கள். ஆள் எங்கே என்ற கேள்வி உடனே வரும். சட்டத்தரணி ஊடாகக் கேட்பதா, விட்டுவிடுவதா என்று முதலில் யோசியுங்கள். சான்றிதழின் பழைய போட்டோக்கொப்பி வேலைக்கு விண்ணப்பித்த கோப்பிலோ வாழ்வாதாரக் கடன் கோப்பிலோ இருக்கக்கூடும்.

போர் முடிவில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பிரிக்கப்பட்டவர்களுக்குக் கையில் கடதாசியே கொடுக்காத இடங்கள் உண்டு. அப்படியானால் அன்று பக்கத்தில் நின்றவர்களின் வாக்குமூலம்தான் வழி. அதை 7 ஆம் படியில் சொல்லியிருக்கிறபடி எடுங்கள்.

6. காணாமற்போனவரும் இறந்தவரும்

அண்ணன் காணாமற்போனது தம்பியின் கேஸில் முக்கியமான சாட்சியம். இதற்கு நம்மிடம் நல்ல பழைய ஆவணங்கள் இருக்கின்றன, பல குடும்பங்கள் அவற்றை ஆவணமென்றே நினைப்பதில்லை. 2010 செப்டெம்பரில் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சிக்கு வந்தபோது அம்மா சாட்சி சொன்னாரா? 2014 ஜனவரியில், காணாமற்போனோர் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழு முன் போனாரா? அந்தப் பதிவு இலக்கம், அழைப்புக் கடிதம் எல்லாம் எடுங்கள். வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டிருந்தால் மனுவின் பிரதி. காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்தில் பதிந்திருந்தால் அதன் கடிதம். கிளிநொச்சியில் அவர்களுக்குப் பிராந்திய அலுவலகம் உண்டு. இவையெல்லாம் பிள்ளை கேஸ் கொடுக்கும் முன்பே பிறந்த கடதாசிகள். "கேஸுக்காகத் தயாரித்தது" என்று இவற்றைத் தள்ள யாராலும் இயலாது.

பொறி ஒன்று இருக்கிறது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஓராண்டுக்கு மேல் காணாதவருக்கு மரணப் பதிவு செய்ய இடம் கொடுத்தார்கள். காணி, வங்கி, உதவிப் பணம் என்று தேவைகள் இருந்ததால் மனமில்லாமலே பல தாய்மார் கையெழுத்து வைத்தார்கள். 2016 திருத்தத்துக்குப் பின்தான் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்க முடிந்தது. இப்போது ஒரே ஆளுக்கு ஒரு கோப்பில் "இறந்தார்", இன்னொரு கோப்பில் "காணவில்லை". வெளிநாட்டு அதிகாரிக்கு இது பொய்யாகத் தெரியும். எந்த ஆண்டில், எதற்காக, எந்தச் சட்டத்தில் மரணப் பதிவு செய்தோம் என்று அம்மா சத்தியக்கடதாசியில் இரண்டு வரி எழுதினால் முடிச்சு அவிழும். மறைத்துவிட்டு ஒன்றை மட்டும் அனுப்பாதீர்கள்.

7. கடிதங்களும் சத்தியக்கடதாசிகளும்

ஜி.எஸ்., பாராளுமன்ற உறுப்பினர், பங்குத்தந்தை, கோயில் தர்மகர்த்தா என்று எல்லோரிடமும் ஒரே வாசகத்தில் கடிதம் வாங்கி ஒரு கட்டாக அனுப்புவது பழக்கமாகிவிட்டது. அதிகாரிகள் இந்த வாசகத்தை நூறு கேஸில் பார்த்தவர்கள். கண்டவர் கண்டதை எழுதிய ஒரு கடிதம் போதும். பங்குத்தந்தை அம்மாவோடு பொலிசுக்குப் போனார் என்றால், எந்த மாதம், எந்தப் பொலிஸ் நிலையம், அங்கே என்ன சொன்னார்கள் என்று அவரே எழுதட்டும். தன் பதவி, தொலைபேசி, திகதி, கையெழுத்து, அடையாள அட்டைப் பிரதி எல்லாம் சேர்க்கட்டும்.

சத்தியக்கடதாசியில் பெரிய பிழை மொழி. அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும், கையெழுத்து வைத்ததோ ஆங்கிலக் கடதாசியில். "இவருக்கு வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது" என்ற வரியும் இல்லை. இது நிற்காது. தமிழில் எழுதி, சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன் முத்திரையோடு ஒப்பமிட்டு, பிறகு மொழிபெயருங்கள். எழுதும்போது தான் கண்டது, பிறர் சொல்லிக் கேட்டது இரண்டையும் பிரித்து எழுதுங்கள். "சிஐடி வந்தார்கள்" என்று மட்டும் எழுதாமல், அவர்கள் தங்களைச் சிஐடி என்று சொன்னார்களா, அம்மா அப்படி நினைத்தாரா என்பதையும் எழுத வேண்டும்.

பிள்ளை போன பிறகும் வீட்டுக்கு வந்து விசாரிக்கிறார்களா? அன்றே கொப்பியில் பதியுங்கள்: நாள், நேரம், எத்தனை பேர், சீருடையா சிவிலா, வாகன இலக்கம், எந்த மொழியில் என்ன கேட்டார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் 1 மாதத்துக்குள் முறைப்பாடு கொடுங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு உயர் நீதிமன்றத்தில் 1 மாதமே தவணை. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணையில் சேராது. முறையிடுவது வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்தாகலாம் என்று தோன்றினால் கொப்பிப் பதிவோடு நிறுத்துங்கள். இங்கே இருப்பவரின் உயிருக்கும் அதே விலைதான்.

பிரித்தானியாவில் 2021 இல் இலங்கைக் கேஸ்களுக்கென்று மேல் தீர்ப்பாயம் கொடுத்த வழிகாட்டித் தீர்ப்பு, பிள்ளை அங்கே போராட்டங்களில் எடுத்த பங்கையும் இலங்கை அரசு அதை எப்படிப் பார்க்கும் என்பதையும் எடைபோடச் சொல்கிறது. விசாரிக்க வந்தவர்கள் வெளிநாட்டு ஊர்வலம், படம் பற்றிக் கேட்டிருந்தால் அதைத் தவறாமல் எழுதுங்கள்.

8. காயமும் ஆஸ்பத்திரியும்

தழும்புகளைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவது அங்குள்ள மருத்துவரின் வேலை. நீங்கள் பழைய பதிவைத் தேடுங்கள்: நோய்நிர்ணய அட்டை, கிளினிக் கொப்பி, அனுமதி இலக்கம். 2009 இல் புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றியவர்களின் பதிவு வன்னியில் இராது. திருகோணமலை, புல்மோட்டை, அங்கிருந்து மாற்றிய பதவியா, பொலன்னறுவை, வவுனியா ஆஸ்பத்திரிகளில் தேட வேண்டும். ஷெல் காயத்தை ஷெல் காயம் என்றே சொல்லுங்கள். அதைச் சித்திரவதைத் தழும்பு என்று மாற்றிச் சொன்னால், உண்மையான சித்திரவதைத் தழும்பையும் சேர்த்து நம்பாமல் விடுவார்கள்.

9. வாங்கவே கூடாதவை

பிடியாணை விற்பவர்கள் இருக்கிறார்கள். பிடியாணை பொலிஸாருக்குக் கொடுக்கும் கட்டளை. அதன் மூலப் பிரதியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமல்ல. அப்படி ஒரு கடதாசி எப்படி உங்களிடம் வந்தது என்ற முதல் கேள்விக்கே பதில் இராது. தூதரகங்கள் சட்டத்தரணி மூலம் நீதிமன்றப் பதிவேட்டில் வழக்கிலக்கத்தைச் சரிபார்ப்பதுண்டு. இலக்கம் வேறொரு சாராய வழக்குக்கு உரியதாக இருந்தால் அந்தக் கேஸ் அன்றோடு முடிந்தது. பின்னால் கொடுக்கும் உண்மை ஆவணத்தையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஏற்கெனவே யாரோ அனுப்பிய போலி உள்ளே போயிருந்தால் பிள்ளை தன் சட்டத்தரணியிடம் உடனே சொல்ல வேண்டும்.

பிள்ளையை அங்குள்ள இலங்கைத் தூதரகத்துக்குப் பாஸ்போர்ட் புதுப்பிக்கவோ சான்றிதழ் எடுக்கவோ போகச் சொல்லாதீர்கள். அரசுக்குப் பயம் என்றவர் அரசிடம் போனார் என்று எழுதிவிடுவார்கள். சான்றிதழ்களுக்கு வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் அத்தாட்சி முத்திரை குத்துவதும் புகலிடக் கேஸுக்குப் பொதுவாகத் தேவையில்லை. சட்டத்தரணி எழுத்தில் கேட்டால் மட்டும் செய்யுங்கள்.

10. மொழிபெயர்த்து அனுப்புதல்

மொழிபெயர்ப்பை இங்கே செய்வதா, அங்கே செய்வதா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். பிரான்சுக்கு இங்கே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தால் அது வீண் செலவு, திரும்பப் பிரெஞ்சில் செய்ய வேண்டும். இங்கே செய்வதானால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். திகதி, பெயர் எழுத்துக்கூட்டல், முத்திரையில் உள்ள வாசகம் மூன்றையும் பிள்ளையின் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டு நீங்களே சரிபாருங்கள்.

அனுப்புமுன் எல்லாவற்றையும் வர்ணத்தில், முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் ஸ்கான் பண்ணுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும், பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள். அனுப்பிய பிறகு போனில் வைத்திருக்க வேண்டாம். கடதாசிகளைப் பதிவுத் தபாலிலோ கூரியரிலோ விடுங்கள். இலக்கமுள்ள பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். பிள்ளை அந்தக் கடித உறையை எறியாமல் சட்டத்தரணியிடம் கொடுக்க வேண்டும். இலங்கை முத்திரையும் திகதியும் உள்ள உறை, ஆவணம் இங்கிருந்துதான் போனது என்பதற்குச் சான்று. ஒன்றுக்கு ஒன்றே உள்ள பழைய மூலப் பிரதியை, சட்டத்தரணி கட்டாயம் கேட்டாலொழிய, முதல் தவணையில் அனுப்பாதீர்கள்.

உறைக்குள் ஒரு தாள் வையுங்கள்: எந்த ஆவணம், யார் போய், எந்தத் திகதியில், எந்த அலுவலகத்தில், எவ்வளவு கட்டி எடுத்தார் என்று. விசாரணையில் "இது எப்படிக் கிடைத்தது?" என்று கேட்கும்போது பிள்ளை தடுமாறாமல் சொல்ல இந்தத் தாள் போதும்.

11. செலவு

மனித உரிமைகள் ஆணைக்குழு, செஞ்சிலுவை, காணாமல் போனோர் அலுவலகம் எதற்கும் காசு இல்லை. பிரதேச செயலகப் பிரதிகளுக்குச் சில நூறு. தகவல் அறியும் உரிமை விண்ணப்பத்துக்குப் போட்டோக்கொப்பிச் செலவு மட்டும். காசு போவது சட்டத்தரணி, மொழிபெயர்ப்பு, கூரியர் மூன்றுக்கும். மூன்றிலும் வேலைக்கு முன் தொகையைக் கேட்டு, பற்றுச்சீட்டு வாங்குங்கள். கையில் வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையில் வருமான விபரத்தோடு கேட்டுப் பார்க்கலாம். நகை அடகு வைத்து ஆவணம் வாங்கும் நிலை வந்தால், அந்த ஆவணம் வாங்கக் கூடாதது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

12. அனுப்பிய பிறகு

கடிதம் எழுதியவருக்கும் சட்டத்தரணிக்கும் சரிபார்க்க அழைப்பு வரலாம் என்று முதலே சொல்லி வையுங்கள். எண்ணை மாற்றினால் உடனே அறிவிக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு யாராவது போன் எடுத்து "தூதரகத்திலிருந்து பேசுகிறோம், மகனின் கேஸ் விபரம் சொல்லுங்கள்" என்றால் எதுவும் சொல்லாதீர்கள். புகலிடம் கேட்டவரின் விடயத்தை அவருடைய நாட்டு அரசுக்குத் தெரிவிப்பதற்குத் தடை இருக்கிறது. உண்மையான சரிபார்ப்பு அழைப்பில் மகன் கேஸ் கொடுத்ததையே வெளியில் விட மாட்டார்கள். அழைத்தவர் பெயர், எண், நேரம் குறித்து அன்றே பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

கேஸ் மறுக்கப்பட்டாலும் கொப்பியையும் பற்றுச்சீட்டுகளையும் பத்திரமாக வையுங்கள். மீண்டும் கேஸ் கொடுக்க, முன்பு கொடுக்காத புது ஆவணம் வேண்டும். ஏன் முதலில் தரவில்லை என்ற கேள்விக்கு, அந்த நாள் கேட்டோம், இந்த நாள்தான் கிடைத்தது என்று அந்தப் பற்றுச்சீட்டுதான் பதில் சொல்லும்.